முதல் அறை எலிகள்

6

மூன்று மணிக்குக் கரோனர் கோர்ட். இப்போது பத்தே முக்கால். சயானில் முழங்கால் அளவு மழைத் தண்ணீருக்கு முன்னால் செம்பூர் பஸ் நின்று யோசித்துக்கொண்டிருந்தது.

அம்மிணி மடியிலிருந்த ஃபைலை மூன்றாவது தடவையாகப் புரட்டினாள். அதில் இருந்ததே ஒன்றரைப் பக்கம்தான். மரியசூசை, வயது முப்பத்தொன்று, தாராவி. செம்பூர் நௌரோஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளுக்குத் தீனி போட்டுக் கூண்டு கழுவும் வேலை. சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து வீடு திரும்பவில்லை. ஞாயிறு காலை எலி அறையில் பிணமாகக் கிடந்தான். சட்டையில் ஸ்பிரிட் வாடை. பக்கத்தில் ஸ்பிரிட் பாட்டில். வலது கையில் மேற்பார்வையாளருடைய சாவிக்கொத்து.

மதுவிலக்கு இருக்கிற ஊரில் இதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை. சாவியைத் திருடினான், அலமாரியைத் திறந்தான், குடிக்கக் கூடாத ஸ்பிரிட்டைக் குடித்தான், செத்தான். போலீஸ் அப்படித்தான் எழுதியிருந்தது. சந்தேகச் சாவுகளை விசாரிக்கிற கரோனரும் இன்று மூன்று மணிக்கு அப்படித்தான் எழுதப் போகிறார்.

"சார், இந்த பஸ் போற வேகத்துக்குத் தீர்ப்பு நம்மை முந்திண்டு போயிடும்" என்றாள் அம்மிணி.

துப்பறியும் கோமதிநாயகம் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்தபடி, "இறங்கி நடந்தா?" என்றார்.

"நடக்க முடியாது. நீந்தணும். எனக்கு டைப்பிங் மட்டும்தான் தெரியும்னு வேலைக்குச் சேர்றச்சேயே சொன்னேனே."

கோமதிநாயகம் ரயில்வேயில் சரக்கு காணாமல் போவதை விசாரிக்கிற உத்தியோகத்தில் பன்னிரண்டு வருஷம் இருந்தவர். அதை விட்டுவிட்டு மாதுங்காவில் ஒரு காப்பிப்பொடிக் கடைக்கு மேலே துப்பறியும் நிலையம் என்று போர்டு மாட்டி நாலு வருஷம் ஆகிறது. அம்மிணி பாலக்காட்டுக் குடும்பம். மாதுங்காவில் பிறந்து வளர்ந்தவள். அவளுக்கு ரிப்பன் மாற்றவும் தெரியும், பதிலுக்குப் பதில் பேசவும் தெரியும். இன்று காலை ஏஞ்சலம்மாள் வந்தபோது மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டதோடு நிறுத்திக்கொண்டாள்.

ஏஞ்சலம்மாள், மரியசூசையின் மனைவி, நாற்காலியில் உட்காரவே மாட்டேன் என்றாள். அழவும் இல்லை.

"அவுக குடியைத் தொட்டதில்ல அண்ணாச்சி. ரெண்டு நாளா காய்ச்சலு, மண்டையிடி. எலி கடிச்சிட்டுன்னாக. லீவு கேட்டாக, அந்த ஆபீசரு தரல. எலியெல்லாம் கூத்தாடுதுன்னு சொல்லிச் சிரிச்சாக. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க தாயி."

"செத்தவுகளைத் திருப்பிக் கேக்கல. கள்ளன்னும் குடிகாரன்னும் கெவர்மெண்டு காயிதத்துல எழுதாம இருந்தாப் போதும்."

கண்டக்டர் மணியை அடித்தார். பஸ் தண்ணீருக்குள் இறங்கியது.

நௌரோஸ் ஆராய்ச்சிக்கூடத்து வாசலில் காவலாளி சாவந்த் குடையோடு நின்றான். பிணத்தை முதலில் பார்த்தவன் அவன்தான். ரத்னகிரிக்காரன். கோமதிநாயகத்தின் ஹிந்தியும் அவனுடைய ஹிந்தியும் ஒரே அளவுக்கு மோசமாக இருந்ததால் பேச்சு சுலபமாக நடந்தது.

"சாவியை எப்படிப் பிடிச்சிருந்தான்? காட்டு."

சாவந்த் வலது கையை இறுக்கி மூடிக் காட்டினான். "இப்படி சாப். வளையமும் உள்ளே. ஒரு சாவிகூட வெளியே தெரியலை. போலீஸ்காரர் ஒவ்வொரு விரலாக நிமிர்த்தித்தான் எடுத்தார்."

கோமதிநாயகம் அம்மிணியிடம் திரும்பினார். "ஆபீஸ் சாவி இருக்கா? கதவைத் திறக்கிற மாதிரி பிடிங்க."

அவள் பிடித்தாள். ஒரு சாவி கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நின்றது. மற்ற இரண்டும் வளையத்தோடு கீழே தொங்கின. அவளுக்கே தெரிந்தது. எதையாவது திறக்கப் போகிறவன் ஒரு சாவியைப் பிடிப்பான். கொத்தை மொத்தமாக உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொள்ள மாட்டான்.

"ஸ்பிரிட் அலமாரி திறந்து கிடந்ததா?" என்று கேட்டார் கோமதிநாயகம்.

"இல்லை சாப். பூட்டியிருந்தது."

"ரொம்ப ஒழுங்கான திருடன்" என்றாள் அம்மிணி. "பாட்டிலை எடுத்து, அலமாரியைப் பூட்டி, அப்புறமா உயிரை விட்டிருக்கான். எங்க பில்டிங்ல செக்ரடரியாப் போடலாம்."

சொல்லி முடித்ததும் ஏஞ்சலம்மாள் உட்காராத நாற்காலி ஞாபகம் வந்தது. அவள் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"சனிக்கிழமை கடைசியாப் போனது யாரு?"

"ராஜ் சாப். மேற்பார்வையாளர். ரெண்டு மணிக்கு ஸ்கூட்டரில் போனார். உள்ளே மரியசூசை கூண்டு கழுவிக்கொண்டிருக்கிறான், கேட்டைப் பூட்டாதே என்று சொன்னார். நல்ல மனுஷர்."

ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவர் டாக்டர் ஜஹாங்கீர் அறுபது வயதுப் பார்சி. மரியசூசையின் பெயரைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆறு வருஷம் வேலை பார்த்தவன் திருடுவான் என்று தன்னால் நினைக்க முடியவில்லை என்றும், ஆனால் சாவி கையில் இருந்ததே என்றும் ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு அவர்களை மூன்றாம் அறைக்குக் கூட்டிப் போனார். சாவந்த் சொட்டுகிற குடையோடு பின்னால் வந்தான்.

அறைக்குள் விடவில்லை. தடித்த கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்க்கச் சொன்னார். வரிசையாகக் கூண்டுகள். வெள்ளை எலிகள் மரத்தூளில் மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தன. பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை.

"இவற்றின் மூளையில் ஒரு வைரஸ் இருக்கிறது" என்றார் டாக்டர். "நாங்கள்தான் ஊசியில் ஏற்றினோம். சும்மா விட்டால் சாப்பிடும், தூங்கும். இப்போது பாருங்கள்."

ஜன்னல் விளிம்பில் ஒரு மேசை மணி இருந்தது. அதைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்து ஒரு தட்டுத் தட்டினார்.

நடுக்கூண்டில் ஓர் எலி வட்டமாக ஓடியது. கூண்டுக் கம்பியில் மோதியது. பக்கவாட்டில் விழுந்தது. நான்கு கால்களும் வெட்டி வெட்டி இழுத்தன. பிறகு பின்னங்கால்கள் நீண்டு விறைத்தன. முதுகு வில்லாக வளைந்தது. அதற்கடுத்த கூண்டில் இரண்டு விழுந்தன. அப்புறம் எல்லாக் கூண்டுகளிலும். சத்தமே இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மரத்தூள் மட்டும் பறந்தது.

அம்மிணி முகத்தைத் திருப்பிக்கொள்ள நினைத்தாள். திருப்பவில்லை.

"எழுந்துகொள்ளுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"சில எழுந்துகொள்ளும். மூளை வீங்கியிருக்கிறது. ஒரு சத்தம் போதும், ஓர் அதிர்ச்சி போதும்."

"மனுஷனுக்கு வருமா டாக்டர்?" என்றார் கோமதிநாயகம்.

"கடித்தால் வரலாம். அதனால்தான் இங்கே என்னைத் தவிர யாரும் நுழையக் கூடாது. மரியசூசை வேலை செய்தது முதல் அறையில். அங்கே இருப்பவை நோயே இல்லாத எலிகள். மற்ற ஆராய்ச்சிக்கூடங்களுக்கு அனுப்புவதற்காக ராஜ் மூன்று வருஷமாக வளர்க்கிறார். அடுத்த மாதம் புதுக் கட்டிடம் திறந்ததும் அவர்தான் அதற்கு மேனேஜர்."

கோமதிநாயகம் விழுந்து கிடந்த எலியைப் பார்த்தார். பிறகு சம்பந்தமில்லாமல் ஒரு கேள்வி கேட்டார்.

"டாக்டர், வழியில் ஒருவருக்கு வலிப்பு வந்தால் முதலில் என்ன செய்வீர்கள்?"

"கைக்குட்டையைச் சுருட்டிப் பல்லுக்கு நடுவில் வைப்பேன்."

கோமதிநாயகம் அதையே ஹிந்தியில் சாவந்திடம் கேட்டார்.

"செருப்பை முகர வைப்பேன் சாப். இல்லாவிட்டால் வெங்காயம்."

"அம்மிணி, நீங்க?"

"என்ன சார், ஜனத்தொகைக் கணக்கெடுப்பா? எல்லாரும் பண்றதுதான். கையில இரும்பைக் குடுப்போம். ஆத்துல சட்டுனு கிடைக்கிற இரும்பு எது, சாவி..."

அவள் நிறுத்திக்கொண்டாள்.

தமிழ் வீட்டில் பிறந்த யாருக்கும் அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கல்யாண மண்டபத்திலோ ரயில் பெட்டியிலோ ஒருவர் வெட்டி விழுந்தால், நாலு பேர் இடுப்பிலிருந்தும் பையிலிருந்தும் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு ஓடி வருவார்கள். அதனால் வலிப்பு நிற்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. கை தானாகச் சாவியைத் தேடும். வாங்கிய கை இறுக மூடிக்கொள்ளும். வலிப்போடு உயிரும் போனால், மூடியது மூடியபடியே இருந்துவிடும்.

"சார், அவர் சாவியை எடுக்கலை" என்றாள் அம்மிணி. குரல் இறங்கியிருந்தது. "யாரோ கையில குடுத்திருக்கா."

"ஆமா. கொடுத்துட்டுத் திருப்பி வாங்க முடியல. அதனால திருட்டுக் கதை வந்தது. கதைக்குப் பொருத்தமா மேலே ஸ்பிரிட்டையும் ஊத்தியாச்சு." கோமதிநாயகம் டாக்டரிடம் திரும்பி ஆங்கிலத்தில் கேட்டார். "இங்கே தமிழர் எத்தனை பேர்?"

"மரியசூசை ஒருவன்தான். அவன் தன் பாஷையில் பேச ஆளில்லை என்று என்னிடமே குறைப்பட்டிருக்கிறான்."

"மிஸ்டர் ராஜ்?"

"டில்லிக்காரர். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. மரியசூசையிடம் ஹிந்தியில்தான் பேசுவார்."

கோமதிநாயகம் ஜன்னல் விளிம்பிலிருந்த மேசை மணியை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். "முதல் அறையைப் பார்க்கலாமா?"

ராஜ் முதல் அறை வாசலிலேயே அவர்களை எதிர்கொண்டார். முப்பத்தைந்து வயது இருக்கும். டை கட்டியிருந்தார். அளந்து பேசினார். ஆங்கிலம் நன்றாக இருந்தது.

"வருத்தமான விஷயம்தான். ஆனால் இந்த ஆட்களைப் பற்றி உங்களுக்குத் தெரியாதது இல்லை. சனிக்கிழமை ராத்திரி வீட்டில் தேடும்போதுதான் சாவி போனதே தெரிந்தது."

"அப்போ ஸ்கூட்டரை எதை வைத்துக் கிளப்பினீர்கள்?"

"அந்தச் சாவி தனி. எப்போதும் சட்டைப் பையில் இருக்கும்."

பதில் நன்றாகவே இருந்தது. கோமதிநாயகம் தலையாட்டினார். அறைக்குள் மூன்று பக்கமும் கூண்டுகள். தீனி வாடை. தரையில் புதிதாக ஃபினைல் ஊற்றிக் கழுவியிருந்தது.

"அவனுக்கு உடம்பு சரியில்லை என்று உங்களுக்குத் தெரியுமா?"

"இல்லை. லீவு கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்."

"எலி கடித்ததாம்."

"தினமும் கடிக்கும். இவை சுத்தமான எலிகள். டெட்டால் போட்டால் போதும்." ராஜ் தன் கைகளை விரித்துக் காட்டிப் புன்னகை செய்தார். "இதற்குப் போய் யாராவது பயப்படுவார்களா?"

கோமதிநாயகம் கண்ணால்கூட ஜாடை காட்டவில்லை. ஆனால் அம்மிணிக்குத் தன் முறை வந்துவிட்டது என்று புரிந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்கிற குரலில், அவரைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்.

"சார், இந்த மனுஷனோட பேன்ட்டுல ஒரு எலி ஏறிண்டிருக்கு."

ராஜ் துள்ளிப் பின்னால் போனார். சுவரில் முதுகு மோதியது. இரண்டு கைகளாலும் தொடையை, முழங்காலை, மறுபடி தொடையை அடித்து அடித்து உதறினார். டை தோளுக்குப் பின்னால் போய்விட்டது. எலி ஒன்றும் இல்லை. அவருக்கு அது தெரிய நேரம் பிடித்தது. தெரிந்தபோது முகத்தில் ரத்தம் இல்லை.

"பாஷை ஒண்ணு" என்றார் கோமதிநாயகம் தமிழில். "இன்னொண்ணு, சுத்தமான எலிக்கு எதுக்கு இந்தப் பயம்?"

பையிலிருந்து மணியை எடுத்து ஒரு தட்டுத் தட்டினார்.

வலப்பக்கம் இரண்டாவது கூண்டில் ஓர் எலி வட்டமடித்து விழுந்தது. அதற்குக் கீழே மூன்று. எதிர்ச்சுவரில் ஒரு கூண்டு முழுவதும். மரத்தூள் பறந்தது. மரியசூசை கூத்தாடுது என்று சொல்லிச் சிரித்தது இதைத்தான்.

டாக்டர் ஜஹாங்கீர் வாசல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். "இது என் வைரஸ்" என்றார். "இங்கே எப்படி வந்தது?"

ராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேசியபோது அது டில்லியும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. தாராவியில் காலையில் தண்ணீர்க் குழாயடியில் கேட்கிற பேச்சு.

"கூண்டு பத்தல. மூணாம் ரூம் கூண்டு நாலு வெளியில காலியாக் கெடந்துச்சு. கொதிக்க வைக்காம எடுத்துப் போட்டுட்டேன். பத்து நாள் கழிச்சு எலி விழ ஆரம்பிச்சுது. வெளிய சொன்னா எல்லாத்தையும் கொன்னு எரிக்கணும். மூணு வருஷ வேலை."

"பேரு?"

"ஜோசப்ராஜ். எங்கப்பா தோல் பதனிடற எடத்துல வேலை பாத்தாரு. தாராவின்னு எழுதின மனுவுக்கு ஒரு எடத்துலயும் பதில் வரல. மொதல்ல பேரைச் சுருக்குனேன். அப்புறம் ஊரை மாத்துனேன்."

"சனிக்கிழமை?"

"ஒண்ணரை மணி. அந்தக் கூண்டுகிட்ட நின்னுட்டிருந்தான். வாளி கீழ விழுந்துச்சு. எலியும் விழுந்துச்சு, அவனும் விழுந்தான்." ஜோசப்ராஜ் தன் வலது கையைப் பார்த்தான். "எங்கம்மா அப்படித்தான் செய்வா. யோசிக்கவே இல்ல. கொத்தைக் கையில வச்சு, புடிச்சுக்கோன்னு சொல்லிட்டேன். மூணு வருஷத்துல அவன்கிட்டத் தமிழ்ல பேசுனது அதான். என்னையே பாத்தான்."

"டாக்டரை ஏன் கூப்பிடல?"

"கூப்பிட்டா எலி விஷயம் தெரிஞ்சிரும். அரை மணி நேரம் நின்னேன். விட்டு விட்டு இழுத்துச்சு. கையைத் தொறக்கப் பாத்தேன், முடியல. பெஞ்சுல ஒரு பாட்டில் இருந்துச்சு. ஊத்திட்டு, கதவைச் சாத்திட்டுப் போயிட்டேன்."

"போகும்போது உயிர் இருந்ததா?"

ஜோசப்ராஜ் தலையை ஆட்டினான். இருந்தது என்றுதான் அர்த்தம்.

மணி பன்னிரண்டரை. அம்மிணி ஆராய்ச்சிக்கூட டைப்ரைட்டரில் வாக்குமூலத்தை மூன்று பக்கம் அடித்தாள். அவள் வேகத்துக்குக் கால் மணி நேர வேலை. முக்கால் மணி நேரம் ஆனது. ஜோசப்ராஜ் கடைசியில் முழுப் பெயரில் கையெழுத்துப் போட்டான். டாக்டர் ஜஹாங்கீர் சாட்சிக் கையெழுத்துப் போட்டு, தன் காரிலேயே அவர்களை ஏற்றிக்கொண்டார். பின் சீட்டில் ஜோசப்ராஜ் கோமதிநாயகத்துக்கும் சாவந்துக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தான். யாரும் அவனைப் பிடித்துக்கொள்ளவில்லை. அவனும் ஓடப் பார்க்கவில்லை.

கரோனர் மூன்று பக்கத்தையும் இரண்டு தடவை படித்தார். டாக்டரை நிற்க வைத்துப் பத்துக் கேள்வி கேட்டார். போலீஸ் அறிக்கையில் இரண்டு இடத்தில் பேனாவால் கோடு இழுத்தார். பிறகு ஆங்கிலத்தில் வாசித்தார். ஏஞ்சலம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. முக்காட்டுக்குள்ளிருந்து அம்மிணியின் வாயையே பார்த்தாள்.

"திருடலைன்னு எழுதியாச்சு" என்றாள் அம்மிணி. "குடிக்கலைன்னும் எழுதியாச்சு. வேலை பாக்கறச்சே எலி கடிச்சு வந்த மூளைக் காய்ச்சல்னு போட்டிருக்கா. அந்த ஆபீசர் மேல போலீஸ் கேஸ் நடத்தணும்னும் உத்தரவு."

ஏஞ்சலம்மாள் அதை உள்ளே வாங்கிக்கொண்டாள். காலையிலிருந்து முதல் தடவையாக பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"தனியாக் கெடந்தாகளாம்மா?"

அம்மிணி கோமதிநாயகத்தைப் பார்த்தாள். பெஞ்சில் ஏஞ்சலம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மிணி சொன்னாள். அரை மணி நேரம் அந்த ஆள் இருந்ததை, சாவி கொடுத்ததை, கதவைச் சாத்தியதை. அவன் தாராவியில் பிறந்தவன் என்பதையும் சொன்னாள்.

"நம்ம பாஷைக்காரனா?"

"ஆமாம்."

ஏஞ்சலம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அங்க தமிழ் தெரிஞ்ச ஆளே இல்லன்னுதான் இத்தனை நாளா நெனைச்சேன்" என்றாள். "அவுக கத்தியிருந்தாலும் யாருக்கும் வெளங்கியிருக்காது, அதனாலதான் யாரும் வரலன்னு. அப்போ அவுக என்னமாச்சும் கேட்டிருந்தா, அவனுக்கு வெளங்கியிருக்கும். இல்லையா?"

அம்மிணி டைப் அடித்த மூன்று பக்கத்தில், மரியசூசை என்ன கேட்டான் என்று ஒரு வரி இல்லை. அவளும் கேட்கவில்லை. கோமதிநாயகமும் கேட்கவில்லை.

ஏஞ்சலம்மாள் எழுந்து வராந்தாவுக்குப் போனாள். மழைச் சாரல் அடிக்கிற ஓரத்தில், இரண்டு கான்ஸ்டபிள்களுக்கு நடுவில் ஜோசப்ராஜ் உட்கார்ந்திருந்தான். டையை அவிழ்த்துக் கையில் சுற்றி வைத்திருந்தான். அவள் எதிரில் போய் நின்றாள். யார் என்று யாரும் அவனுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நான் அவுக பொஞ்சாதி" என்றாள். "திட்ட வரல. ஒண்ணே ஒண்ணு சொல்லிருங்க. தண்ணி கேட்டாகளா? என்னைக் கூப்பிடச் சொன்னாகளா? கடைசியா என்ன சொன்னாக?"

அம்மிணி பின்னால் நின்று பார்த்தாள். அவன் உதடு பிரிந்தது. ஏதோ இருந்தது. சொல்லிவிடுவான் என்றுதான் தோன்றியது. ஏஞ்சலம்மாள் ஓரடி முன்னால் வந்து குனிந்தாள்.

ஜோசப்ராஜ் முகத்தைக் கான்ஸ்டபிள் பக்கம் திருப்பிக்கொண்டான். தெரியாது என்ற பதில் அவளுக்கு ஹிந்தியில் வந்தது.

"மாலும் நஹி."